பேரப்பிள்ளையைப் பார்க்க ஒரு கேஸ்

அமெரிக்காவில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க விடவில்லை என்று தாத்தா பாட்டி கோர்ட்டுக்குப் போகலாம். எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இதற்குச் சட்டம் உண்டு. (இந்தியாவில் தாத்தா பாட்டிக்கென்று தனியாக அப்படி ஒரு சட்டம் கிடையாது.) மகன் இறந்து போகிறான், அல்லது மகள் விவாகரத்தாகி வருகிறாள், அதோடு பேரப்பிள்ளைகளின் முகம் பார்ப்பதே நின்றுவிடுகிறது என்றால் இப்படி ஒரு சட்டம் தேவைதான். ஆனால் அப்பா அம்மா இருவரும் ஒரே வீட்டில் ஒற்றுமையாகக் குடும்பம் நடத்துகிறார்கள், இருவரும் சேர்ந்தே "அனுப்ப மாட்டோம்" என்கிறார்கள். அங்கேயும் ஜட்ஜ் நுழைய வேண்டுமா?

டென்னஸி மாநிலத்தில் நடந்த ஹாக் எதிர் ஹாக் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். மகன் வேலை பார்த்தது அப்பாவின் பௌலிங் விளையாட்டுக் கூடத்தில். அப்பா மகனை வேலையை விட்டு நீக்கினார். உறவு கெட்டது, பேரப்பிள்ளைகள் வருவதும் நின்றது. தாத்தா பாட்டி வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் 1993-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பெற்றோர் நல்லபடியாகக் குழந்தையை வளர்க்கும்போது, குழந்தைக்குப் பெரிய கேடு வரும் என்று காட்டாமல் அரசு தலையிட முடியாது என்றது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வருடம்தான் பக்கத்து மாநிலமான கென்டக்கியின் உச்ச நீதிமன்றம், சேர்ந்து வாழும் இன்னொரு தம்பதிக்கு எதிராகத் தாத்தாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்லியிருந்தது!

டென்னஸி சொன்னதுதான் சரி. தாத்தா பாட்டியின் பாசத்தை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளில் சண்டை பெரும்பாலும் பெரியவர்களுக்குள்தான். வேலை, பணம், வீடு, மருமகளைப் பிடிக்காதது... குழந்தை நடுவில் மாட்டிக்கொள்கிறது.

அதோடு கேஸ் என்பது சும்மா இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ட்ராக்சல் எதிர் கிரான்வில் வழக்கைப் பாருங்கள். அதில் பெற்றோர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பா 1993-இல் இறந்துவிட்டார். அம்மா பேத்திகளைக் காட்டவே மாட்டேன் என்று சொல்லவில்லை. மாதம் ஒரு நாள் போதும் என்றார். தாத்தா பாட்டி கேட்டது மாதம் இரண்டு வார இறுதி, கோடை விடுமுறையில் இரண்டு வாரம். இந்த வித்தியாசத்துக்காக 1993 டிசம்பரில் போட்ட வழக்கு 2000 ஜூனில்தான் முடிந்தது. ஆறரை வருடம்! ஒரு குழந்தைப் பருவத்தில் எத்தனை பங்கு அது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தகுதியுள்ள பெற்றோரின் முடிவுக்குத் தனி மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, 6-க்கு 3 என்ற கணக்கில் அம்மா ஜெயித்தார். ஆனால் குழந்தைக்குக் கேடு என்று நிரூபித்தே ஆக வேண்டுமா என்ற கேள்வியைக் கோர்ட் முடிவு செய்யாமல் விட்டுவிட்டது. அதனால்தான் இன்றைக்கும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

எதிர்த் தரப்பிலும் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. ஃபிரான்ஸ் நாட்டின் சிவில் சட்டம் இதைக் குழந்தையின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. தாத்தா பாட்டியோடு உறவு வைத்துக்கொள்ளக் குழந்தைக்கு உரிமை உண்டு, குழந்தையின் நலன் மட்டுமே அதற்குத் தடையாகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாலைந்து வருடம் பாட்டி கையிலேயே வளர்ந்த குழந்தையைத் திடீரென்று பிரித்தால் அது ஏங்கிப் போகும். அந்த மாதிரிக் குழந்தைக்காகக் கோர்ட் கேட்கட்டும். அது டென்னஸி சொன்ன "பெரிய கேடு" என்பதற்குள்ளேயே வந்துவிடும்.

மற்றபடி ஒரு ஆர்டரை வாங்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலையில் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிள்ளையைக் காரில் கொண்டுவந்து இறக்குகிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்ததும் அம்மா முதலில் கேட்பது, "அங்கே எங்களைப் பற்றி என்ன சொன்னார்கள்?" ஆறு வயதுப் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லும்?