பேரனுக்கு யார் பேர்?

குழந்தை பிறந்த மூன்றாம் நாளே வீட்டில் அந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். "என்ன பேர் வைக்கப் போறீங்க?" கண்டாச்சிபுரம் மாதிரியான ஊரில் கேட்கவே வேண்டாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து தாயும் பிள்ளையும் வீடு வந்து சேர்வதற்குள் ஆளுக்கொரு பெயரோடு காத்திருப்பார்கள். "எங்கப்பா பேரை வைங்க" என்பார் தாத்தா. "ராமநாதீஸ்வரர் இருக்கிற ஊருப்பா, ராமநாதன்னு வை" என்பார் பெரியப்பா. "ஊர்ல யாருக்குமே இல்லாத பேரா இருக்கணும்" என்று செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார் பிள்ளையின் அப்பா. "கென்னடின்னு வைங்க மச்சான், கெத்தா இருக்கும்" என்பார் தாய்மாமன். "என் வாயில நுழையற பேரா வைங்கடா" என்பார் ஆயா.

இதில் தாய்மாமன் சொன்ன பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். கென்னடி என்பது தனி ஆளுக்கு வைத்த பெயர் அல்ல. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஜான். கென்னடி என்பது அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன அவருடைய முன்னோர்களின் குடும்பப் பெயர். நம் ஊரில் அது ஆள் பெயராகிவிட்டது. நடிகர் விக்ரமின் இயற்பெயரே கென்னடிதான்.

கென்னடி மட்டுமா? மார்க்ஸ், காந்தி, நேரு, போஸ், தாகூர், லிங்கன், எடிசன்... இவை எல்லாமே குடும்பப் பெயர்கள். லெனினும் ஸ்டாலினும் அந்தத் தலைவர்கள் தாங்களே சூட்டிக்கொண்ட புனைபெயர்கள். பெயருக்குப் பின்னால் வருபவை. ஆனால் தமிழ்நாட்டில் இந்தப் பெயர்களைத் தாங்கிய அண்ணன்களும் சித்தப்பாக்களும் எந்த ஊரிலும் இருப்பார்கள். தி.மு.க.வின் மூத்த தலைவர் கே.என்.நேரு, ராணிப்பேட்டையைச் சேர்ந்த ஆர்.காந்தி ஆகியோருக்கு முதற்பெயரே அதுதான்.

குடும்பப் பெயரை முதற்பெயராக வைப்பது ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் இருக்கிறது. மேசன், கார்ட்டர், கூப்பர் என்று அங்கே ஆண் பிள்ளைகளுக்கு விரும்பி வைக்கிறார்கள். மேசன் என்றால் கொத்தனார். கார்ட்டர் என்றால் வண்டிக்காரர். கூப்பர் என்றால் பீப்பாய் செய்பவர். ஒரு காலத்தில் தொழிலைச் சொன்ன குடும்பப் பெயர்கள் இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு நாகரிகமான பெயர்கள். அம்மா பிறந்த வீட்டின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு முதற்பெயராக வைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. ஆக, அங்கே பெரும்பாலும் ஓசைக்காகவோ உறவுக்காகவோ வைக்கிறார்கள். நம் ஊரில் காரணம் வேறு. இங்கே அது ஒரு மரியாதை. சில வீடுகளில் ஒரு சபதம்.

தமிழர்களுக்கு இது இவ்வளவு இயல்பாக வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நம்மிடம் குடும்பப் பெயர் என்ற ஏற்பாடே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர். அவ்வளவுதான். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது சாதிப் பட்டம். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு அதை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. மெல்ல மெல்லத் தமிழ்நாட்டில் பெயரின் வால் உதிர்ந்தது. பின்னால் எதுவும் இல்லாத ஊரில் யாருடைய பின்பெயரையும் முன்னால் கொண்டுவந்து வைக்கலாம். தடுக்க ஆளில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. காந்தி என்ற பெயரைக் குஜராத்தில் கேட்டால் வணிகக் குடும்பம் என்று புரிந்துகொள்வார்கள். தங்கள் முன்னோர் மளிகை வியாபாரிகளாக இருந்திருக்க வேண்டும் என்று மகாத்மாவே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். போஸ் என்றால் வங்காளத்தில் இன்ன சாதி என்று தெரிந்துவிடும். நேரு என்றால் காஷ்மீர பண்டிதர். கால்வாய்க் கரையில் குடியிருந்ததால் வந்த பெயர். இந்தப் பெயர்களே தமிழ்நாட்டுக்கு வந்ததும் தங்கள் சாதியை எல்லையிலேயே கழற்றி வைத்துவிட்டன. கண்டாச்சிபுரத்தில் ஒரு பையனுக்கு போஸ் என்று பெயர் இருந்தால் அதை வைத்து அவன் எந்தத் தெரு என்று சொல்ல முடியாது. அவன் வீட்டில் யாருக்கோ நேதாஜியைப் பிடிக்கும் என்று மட்டும்தான் சொல்ல முடியும். அங்கே சாதியைச் சொன்ன பெயர், இங்கே சாதியை மறைத்தது.

இந்த வழக்கம் தலைவர்கள் காலத்தில் மட்டும் வந்ததும் இல்லை. கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே முகையூர் இருக்கிறது. அங்குள்ள கத்தோலிக்க வீடுகளில் சேவியர், சவரிமுத்து போன்ற பெயர்கள் புதிதல்ல. 1542-ல் இந்தியாவுக்கு வந்து முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த புனித சவேரியாரின் பெயரிலிருந்து வந்தவை இவை. அவருடைய சொந்தப் பெயர் பிரான்சிஸ். சேவியர் என்பது ஸ்பெயினில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். அதுவே குடும்பத்தின் பெயரானது. எங்கோ இருந்த ஒரு கோட்டையின் பெயர் சவரியாகி, முத்தோடு சேர்ந்து, முழுத் தமிழ்ப் பெயராகிவிட்டது. இன்று அதை யாரும் வெளிநாட்டுப் பெயர் என்று நினைப்பதே இல்லை.

தமிழ்நாடு முழுக்க அறிந்த கதை மு.க.ஸ்டாலினுடையது. அவர் பிறந்தது 1953 மார்ச் 1. நான்கு நாள் கழித்து, மார்ச் 5 அன்று, சோவியத் தலைவர் ஸ்டாலின் காலமானார். பிள்ளைக்கு 'அய்யாதுரை' என்று வைப்பதாகத்தான் முதலில் யோசனை. அய்யா என்றால் பெரியார். துரை என்றால் அண்ணாதுரை. ஆனால் இரங்கல் கூட்டத்தில் கலைஞர் அறிவித்த பெயர் ஸ்டாலின். அந்தப் பெயருக்காகவே ஒரு பள்ளியில் சேர்த்துக்கொள்ள மறுத்ததாகவும், பள்ளியை மாற்றினாலும் மாற்றுவேன், பிள்ளையின் பெயரை மாற்ற மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டதாகவும் ஸ்டாலினே மேடையில் சொல்லியிருக்கிறார்.

இதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. சோவியத் ஸ்டாலினின் ஆட்சிக் கொடுமைகளை 1956-ல் அவர் கட்சியே பேசத் தொடங்கியது. 1961-ல் ஸ்டாலின்கிராடு என்ற ஊர் வோல்கோகிராடு ஆனது. ஊரின் பெயரை ஒரே உத்தரவில் மாற்றிவிடலாம். சென்னையில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த எட்டு வயதுப் பையனின் பெயரை என்ன செய்வது? அவர் அந்தப் பெயரோடுதான் வளர்ந்தார். 2021-ல் அந்தப் பெயரோடுதான் முதலமைச்சரானார். இன்று தமிழ்நாட்டில் ஸ்டாலின் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரஷ்யர் அல்ல. கடனாக வந்த பெயர் சொந்தப் பெயராவதற்கு ஒரு வாழ்நாள் பிடிக்கிறது. அந்த உழைப்பு முழுவதும் பிள்ளையுடையது; பெயர் வைத்தவருடையது அல்ல.

பெயர் இன்னும் அபூர்வமாக இருக்க வேண்டும் என்பவர்கள் தேனிப் பக்கம் பார்க்கலாம். அங்கே 'பென்னிகுயிக்' என்று பெயர் வைக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் குடும்பப் பெயர் அது. ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது. 1895-ல் அணை திறந்து, மேற்கே ஓடிய தண்ணீர் கிழக்கே திரும்பியதும், கம்பம் பள்ளத்தாக்கில் வயல்கள் விளைந்தன. அவர் பிறந்த ஜனவரி 15-ஐ அங்கே பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அந்த வீடுகளில் அந்தப் பெயர் யாருக்கும் விநோதமாகப் படுவதில்லை. சோறு போட்டவரின் பெயர் அது. வாயில் நுழைகிறதோ இல்லையோ, மனதில் நுழைந்துவிட்டது.

இங்கே 'பேரன்' என்ற சொல்லையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெயரன் என்பதுதான் பேரன் ஆனது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் இருந்ததால், பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு 'தம்பி', 'ராசா' என்று கூப்பிட்டுச் சமாளித்த அம்மாக்கள் உண்டு. ஆக, மகனுக்குக் கென்னடி என்றோ லெனின் என்றோ பெயர் வைக்கும்போது ஒரு காரியம் நடக்கிறது. தாத்தா உட்கார வேண்டிய இடத்தில் அந்தத் தலைவரை உட்கார வைக்கிறோம். 'எங்கப்பா பேரை வைங்க' என்று கேட்ட பெரியவருக்கு மனசு கொஞ்சம் வாடினால் அது வீண் பிடிவாதம் இல்லை. அவர் கேட்டது பெயரை அல்ல, தன் இடத்தை.

அதனால்தான் இரண்டையும் சேர்த்து வைப்பது நல்ல வழி. மாணிக்கம் தாகூர், லெனின் பாரதி போன்ற பெயர்களை அரசியலிலும் சினிமாவிலும் பார்க்கிறோம். ஒரு பாதி வீட்டுக்கு, ஒரு பாதி உலகத்துக்கு.

இனி நடைமுறைக்கு வருவோம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பெயரை அன்றே சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எனவே அவசரப்பட வேண்டாம். அதே நேரம், ஒருமுறை பதிந்த பெயரை நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது. பிறகு அரசிதழ் வரை அலைய வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட், அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதில் இருக்கும் எழுத்துகளே கடைசி வரை கூட வரும். பென்னிகுயிக் மாதிரியான பெயரை ஆங்கிலத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழ்திப் பார்த்து முடிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

அடுத்தது, பலரும் யோசிக்காத விஷயம். தமிழ்ப் பிள்ளையின் பெயர் அவனோடு முடிவதில்லை. அவன் பிள்ளைக்கு அதுதான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நம்மில் பலர் அப்பாவின் பெயரைத்தான் எழுதுகிறோம். காலியாக விட்டாலும் சிக்கல் வரலாம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தது நினைவிருக்கும். அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டில் குறிப்பிடப்பட்டிருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆக, இன்று தொட்டிலில் கிடக்கும் கென்னடியின் மகள் நாளை வெளிநாடு போனால், அங்கே அவளை 'மிஸ் கென்னடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அயர்லாந்தில் குடும்பப் பெயராக இருந்தது, கண்டாச்சிபுரம் வந்து ஆள் பெயராகி, மறுபடியும் குடும்பப் பெயராக விமானம் ஏறும்!

அதனால் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள். அப்பாவின் இனிஷியலோடு ஒருமுறை, வகுப்பில் வாத்தியார் வருகைப்பதிவு எடுப்பது போல. தெருமுனையில் விளையாடும் பிள்ளையை ஆயா சாப்பிடக் கூப்பிடுவது போல ஒருமுறை. பிறக்கப்போகும் பேத்தியின் பெயருக்குப் பின்னால் சேர்த்து ஒருமுறை. மூன்றிலும் நாக்கு தடுக்கவில்லை என்றால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, கதை. ஏழு வயதில் பிள்ளை வந்து கேட்பான்: "அப்பா, எனக்கு ஏன் இந்தப் பேர் வெச்சீங்க? எல்லாரும் சிரிக்கிறாங்க." சேலத்தில் 2021 ஜூனில் நடந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகை நாடு முழுக்கச் சுற்றியது. மாப்பிள்ளைக்கும் அவருடைய அண்ணன்மாருக்கும் பொதுவுடைமைக் கொள்கைகளின் பெயர்களையே அப்பா வைத்திருந்தார். மணப்பெண்ணுக்கோ ஒரு வங்கத் தலைவியின் முழுப் பெயர். ஊர் சிரித்தது, ஆனால் ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் அந்த வீட்டில் சொல்லப் பதில் இருந்தது. 'நெட்டில் பார்த்தோம், வித்தியாசமாக இருந்தது' என்பது மட்டுமே பதில் என்றால், கேலியைத் தாங்க அது போதாது. 'நம் வயலுக்குத் தண்ணீர் கொடுத்தவர் பெயர்', 'உன் தாத்தா கும்பிட்ட மனிதர் பெயர்' என்று சொல்ல முடிந்தால், மறுநாள் பள்ளியில் அந்தப் பதிலை அவனே நிமிர்ந்து நின்று சொல்வான்.

அபூர்வமான பெயரைத் தாராளமாக வையுங்கள். கூடவே அதன் கதையையும் கொடுங்கள். சுமக்கப் போவது பிள்ளை. ஏன் சுமக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.