துப்பாக்கி முளையில் கை வைக்கலாமா?

ஒகேனக்கல் என்றதும் அருவியும் பரிசலும் நினைவுக்கு வரும். ஆனால் அருவியைச் சுற்றிப் பெருங்காடு இருக்கிறது. காட்டோரத்தில் ராகியும் நிலக்கடலையும் விளையும் கிராமங்கள் இருக்கின்றன.

இரவில் காட்டுப்பன்றிகள் வந்தால், மாதக்கணக்கில் பாடுபட்டது ஒரே இரவில் பாழ்! அப்போதுதான் சிலருக்கு நாட்டுத் துப்பாக்கி மேல் ஆசை பிறக்கிறது. குறி தப்பினால், வீட்டிலேயே அரத்தை எடுத்து முளையைச் சரிசெய்யத் துணிகிறார்கள். சின்ன வேலைதான். ஆனால் வினை பெரிது!

சிறு முளை, பெரும் பிழை

துப்பாக்கிக் குழாயின் நுனியில் ஒரு முளை. கண்ணுக்கு அருகே ஒரு காடி. காடி, முளை, இலக்கு மூன்றும் ஒரே கோட்டில் நின்றால் அதுவே குறி. காடிக்கும் முளைக்கும் இடையே 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முளை 1 மில்லிமீட்டர் விலகினால், 60 மீட்டர் தூரத்தில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகிப் போகும்.

ரைபிள் குழாயின் உள்ளே திருகுபோல் பள்ளங்கள் உண்டு. அவை குண்டைச் சுழற்றி நேரே அனுப்பும். நாட்டுத் துப்பாக்கிக்கு அது கிடையாது. எவ்வளவு நல்ல முளை வைத்தாலும் அது ரைபிள் ஆகாது. தப்பிய குண்டு புதருக்கு அப்பால் நிற்கும் மனிதனையும் துளைக்கும். குழாய் வெடித்தால் சுட்டவன் கையே போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் பலர் வீட்டிலேயே ரைபிளின் முளையை மாற்றிக்கொள்கிறார்கள். இங்கே வழி வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி செய்யவும் பழுதுபார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். 2019-ல் செய்த திருத்தத்தின்படி, மீறினால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் சிறையும் கிடைக்கலாம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை!

இந்த வட்டாரக் காடுகளில் 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என இரு வனவிலங்குச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. எழுத்துமூல அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம்.

பயிருக்கு என்ன வழி?

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி, காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. காட்டை ஒட்டியிருக்கும் விவசாயிக்கோ தொல்லை அங்கேதான் அதிகம்!

அவருக்கு உள்ள வழி நஷ்ட ஈடு. அது காலத்தில் கைக்கு வரவேண்டும். துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால் மட்டும் போதாது. அழிந்த பயிருக்கு உரிய பணமும் வந்தால்தான், அரத்தை எடுத்த கை மறுபடி ஏரைப் பிடிக்கும்.