‘ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் சரியாகிவிடும்’ என்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரோடு பைக்குகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடுகின்றன. மாமல்லபுரம் வரை போய் இட்லி, டீ முடித்துத் திரும்பும் இந்தக் குழுக்களில் புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் “முட்டி வலிக்குதுண்ணே” என்று சொன்னால் மூத்தவர்களிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “முதல்ல ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க தம்பி, உடம்பு செட் ஆயிடும். ஃபிட்டிங் எல்லாம் ரேஸ் ஓட்டுறவங்களுக்கு.”

அக்கறையோடு சொல்லப்படும் வார்த்தைதான். ஆனால் அதை நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியவர்களில் சிலர், ஆயிரம் கிலோமீட்டரை எட்டும் முன்பே பைக்கை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அதனால் இந்த வாதத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதலாவது, ‘ஃபிட்டிங் ரேஸ் ஓட்டுபவர்களுக்குத்தான்’ என்பது. ஃபிட்டிங் என்றால் சீட், ஹேண்டில்பார் போன்றவற்றை ஓட்டுபவரின் உடலுக்கேற்ப அமைத்துக்கொள்வது. ரேஸ் ஓட்டுபவருக்குப் பல வருடப் பயிற்சியில் இறுகிய இடுப்பும் வயிறும் இருக்கின்றன. உடன் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். புதியவரோ வாரம் ஐந்து நாள் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, தொடையின் பின்தசை இறுகிப்போன நிலையில் சைக்கிள் ஏறுகிறார். நிமிடத்துக்கு 80 சுற்று என்று மிதித்தாலே ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,800 முறை மடங்கி விரிகிறது. சேர்ந்த சில மாதங்களிலேயே பலருக்கு 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டும் ஆசை வந்துவிடுகிறது. அதற்கான காலக்கெடு 13.5 மணி நேரம். அதில் பத்து மணி நேரம் மிதித்தாலே 48,000 மடக்கல்கள். சீட் ஒரு சென்டிமீட்டர் தவறாக இருந்தால், அந்தத் தவறும் அத்தனை முறை முழங்காலில் இறங்குகிறது.

திரும்பத் திரும்ப மிதிப்பதன் சுமை தொழில்முறை வீரர்களிடமே எப்படி வெளிப்படுகிறது என்பதை 2010இல் வெளியான நார்வே ஆய்வு காட்டியது. ஏழு அணிகளைச் சேர்ந்த 109 வீரர்களிடம் விசாரித்ததில், விழுந்து அடிபடாமல், ஓட்டி ஓட்டியே வந்த காயங்களில் 45 சதவீதம் கீழ்முதுகிலும் 23 சதவீதம் முழங்காலிலும் இருந்தன. உடற்பயிற்சியே வாழ்க்கையாக உள்ளவர்களின் முதுகும் முழங்காலுமே இந்தப் பாடு படுகின்றன என்றால், அலுவலகத்திலிருந்து நேராகச் சாலைக்கு வருபவரின் உடம்புக்கு இன்னும் அதிகக் கவனிப்பு வேண்டும்.

‘உடம்பு தானே பழகிக்கொள்ளும்’ என்பது இரண்டாவது வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. முதல் சில வாரங்களில் தொடை கடுப்பதும், சீட்டில் உட்காரும் எலும்புகள் நோவதும் இயல்பு, அவை தணிந்துவிடும். ஆனால் முழங்காலின் முன்புறம் குத்துவதும், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவதும், தொடையிடுக்கு உணர்விழப்பதும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. விரல் மரப்பது, உள்ளங்கையின் ஓரமாக ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குவதன் அறிகுறி. புதுச் செருப்பு நாலு நாள் கடித்துவிட்டு இளகிவிடும். அலுமினிய ஃபிரேம் எத்தனை நாள் ஓட்டினாலும் இளகாது.

பெல்ஜிய சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸைவிட வலுவான உடம்பை இந்த விளையாட்டு கண்டதில்லை என்று சொல்பவர்கள் உண்டு. 1969 செப்டம்பரில் பிரான்சின் புளுவா நகர ஓட்டக்களத்தில் விழுந்து அவருடைய இடுப்பு பாதிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அவர் டூர் டி பிரான்ஸ் பட்டங்களை வென்றார். 1972இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். ஆனால் சீட்டின் உயரத்தை மாற்றுவதை மட்டும் கடைசிவரை அவரால் நிறுத்த முடியவில்லை. ஓட்டத்தின் நடுவிலேயே மாற்றியதும் உண்டு. அந்த உடம்பே பைக்குக்குப் பழகவில்லை, பைக்தான் அதற்கேற்ப மாற வேண்டியிருந்தது.

பிரிட்டிஷ் அணியின் பிசியோதெரபிஸ்டாக இருந்த ஃபில் பர்ட் ஓட்டுபவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார். எந்த அமைப்பையும் தாங்கிக்கொள்பவர்கள் ஒரு வகை. சில மில்லிமீட்டர் மாறினாலும் வலி காண்பவர்கள் மற்றொரு வகை. ‘எனக்கு எந்த ஃபிட்டிங்கும் தேவைப்படவில்லை’ என்று சொல்லும் மூத்தவர் அநேகமாக முதல் வகையாக இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அறிவுரை கேட்கும் புதியவர் எந்த வகை என்பது அந்த மூத்தவருக்கும் தெரியாது, புதியவருக்கும் தெரியாது.

‘கடையில் அளவு பார்த்துத்தானே கொடுக்கிறார்கள்?’ என்பார்கள். பல கடைகளில் அந்த அளவு என்பது ஆளின் உயரம் மட்டும். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடல் நீளமாகவும் இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் 54ஆம் எண் ஃபிரேமும் இன்னொரு நிறுவனத்தின் 54உம் ஒன்றல்ல. பெடலைத் தாங்கும் கிராங்க் சுழலும் மையத்திலிருந்து ஹேண்டில்பார் பொருத்தும் இடம் எவ்வளவு மேலே, எவ்வளவு முன்னே இருக்கிறது என்ற இரண்டு அளவுகளை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். உயரம் குறைந்தவர்களும் பெண்களும் இதில் அதிகம் சிரமப்படுகிறார்கள்; அவர்களுக்கான சிறிய ஃபிரேம் இருப்பில் இல்லாதபோது, ‘இதுவே சரியா வரும் மேடம்’ என்று ஒரு அளவு பெரியது கைக்கு வந்துவிடுகிறது. ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை 100 மில்லிமீட்டரிலிருந்து 80ஆகக் குறைத்துக் கொஞ்சம் சமாளிக்கலாம். இரண்டு அளவு பெரிய ஃபிரேமை எந்த ஃபிட்டராலும் சரிசெய்ய முடியாது. அதனால்தான் ஃபிட்டிங் புதியவருக்குத்தான் அதிகம் பயன்படும். அதுவும் பைக் வாங்குவதற்கு முன்பே ஒரு ஃபிட்டரிடம் உடல் அளவு எடுத்துக்கொள்பவருக்கு.

‘யூடியூப் பார்த்து நாமே செய்துகொள்ளலாம்’ என்பது அடுத்தது. செய்யலாம், செய்யவும் வேண்டும். கவட்டிலிருந்து தரை வரையிலான உயரத்தை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் மையத்திலிருந்து சீட்டின் உயரம் கிடைக்கும் என்ற கணக்கைப் பிரபலமாக்கியவர் மூன்று முறை டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்ட். 80 சென்டிமீட்டர் கால் உள்ளவருக்கு 70.6 வரும். 1967இல் ஹாம்லி, தாமஸ் இருவரும் சொன்ன 109 சதவீதக் கணக்குப்படி பெடலிலிருந்து 87.2, அதில் 17 சென்டிமீட்டர் கிராங்கைக் கழித்தால் 70.2. தொடங்குவதற்கு நல்ல எண்கள்தாம். ஆனால் பாதத்தின் நீளம், ஷூவின் தடிமன், மிதிக்கும்போது குதிகால் இறங்குகிறதா ஏறுகிறதா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தெரியாது. ஓட்டுபவரால் தன் முதுகைத் தானே பார்க்கவும் முடியாது.

ஃபிட்டர் பார்ப்பது அதைத்தான். நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் பைக்கை மாட்டி, ஓட்டுபவரின் இடுப்பு, முழங்கால், கணுக்கால் எலும்புகளைத் தொட்டுத் தேடி ஸ்டிக்கர் ஒட்டுகிறார். வியர்க்கும் வரை மிதிக்கச் சொல்கிறார். உடம்பு களைத்தால்தான் உண்மையான உட்காரும் நிலை வெளிப்படும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் மடக்கு 25 முதல் 35 டிகிரிக்குள் இருக்கிறதா என்று கோணமானியை வைத்துப் பார்க்கிறார். பிறகு பின்னால் போய் நிற்கிறார். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். கால் எட்டாமல் இடுப்பு இறங்கித் தேடுகிறது. எல்-கீயை எடுத்து ஐந்து மில்லிமீட்டர் இறக்குகிறார், மறுபடி மிதிக்கச் சொல்கிறார். முழங்காலின் முன்புறம் வலி என்றால் சீட் தாழ்வாக இருக்கிறதா என்றும், பின்புறம் வலி என்றால் உயர்ந்திருக்கிறதா என்றும்தான் அவர் முதலில் சந்தேகிப்பார். கீழ்முதுகு வலிக்குச் சீட்டின் சாய்வும் காரணமாகலாம். பொழுதுபோக்காக ஓட்டுபவர்களிடம் இஸ்ரேலிய மருத்துவர்கள் செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், சீட்டின் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்தபின் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முதுகுவலி நன்றாகக் குறைந்தது. அவர்கள் யாரும் பந்தய வீரர்கள் அல்ல.

செலவு பற்றிய வாதத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபிட்டிங்குக்குச் சில ஆயிரம் ஆகும்; கேமராவும் சென்சாரும் வைத்துச் செய்தால் பத்தாயிரத்தையும் தாண்டலாம். சிறிய தொகை அல்ல. ஆனால் வலி தாங்காமல் முதலில் ஜெல் உறை, பிறகு வேறு சீட், பிறகு வேறு ஸ்டெம் என்று குருட்டாம்போக்கில் வாங்குபவரும் அதே தொகையைத்தான் செலவழிக்கிறார், வலி தீராமலே.

‘ஃபிட்டருக்கு ஃபிட்டர் வேறு வேறு சொல்கிறார்கள்’ என்ற குறை மட்டும் நியாயமானது. முழங்கால், பெடல் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்ற பழைய விதியைக் கட்டுக்கதை என்றே ஃபிரேம் வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் எழுதினார். ஃபிட்டிங் செய்தால் காயமே வராது என்று நிரூபிக்கும் பெரிய ஆய்வுகளும் குறைவு. கனமான கியரிலேயே மிதிப்பவரின் முழங்காலையும், ஒரே வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குபவரின் முதுகையும் எந்த ஃபிட்டிங்கும் காப்பாற்றாது. அதனால் ஃபிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது கருவிகளின் விலையைப் பார்க்க வேண்டாம். பழைய காயங்களைப் பற்றிக் கேட்கிறாரா, குனிந்து கால்விரலைத் தொடச் சொல்லிப் பார்க்கிறாரா, சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடி வரச் சொல்கிறாரா என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லையென்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

புதிதாக ரோடு பைக் வாங்க இருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் உடல் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே வாங்கியவர்களுக்கு வீல், கம்ப்யூட்டர் எதற்கும் முன்பாக அடிப்படை ஃபிட்டிங் ஒன்று போதும். குழுவில் மூத்தவர்களாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: புதியவர் வலி என்று சொன்னால் கிலோமீட்டர் கணக்குச் சொல்லாதீர்கள், எங்கே வலிக்கிறது என்று கேட்டு, நல்ல ஃபிட்டர் ஒருவரின் நம்பரைக் கொடுங்கள்.