வாட்ஸ் கேட்கிறோம், சத்தத்தைக் கேட்கிறோமா?



தீபாவளி நெருங்கினால் தர்மபுரிக் கடைகளில் மிக்ஸி வாங்கக் கூட்டம் சேரும். 500 வாட்ஸா 750 வாட்ஸா, எத்தனை ஜார், எத்தனை வருஷம் வாரண்டி, பழசுக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று எல்லாம் கேட்பீர்கள். எவ்வளவு சத்தம் போடும் என்று மட்டும் கேட்க மாட்டீர்கள். கேட்டாலும், "சத்தம் வந்தாத்தான் சார் மோட்டாருக்கு பவர்" என்பார் விற்பவர்.

சுத்தப் பொய். சத்தமாக வெளியே போவது அரைக்கப் பயன்படாத சக்தி. மிக்ஸி மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்று சுற்றுகிறது. கார்பன் பிரஷ் உரசுகிறது, உள்ளே இருக்கும் விசிறி காற்றை அடிக்கிறது, மெல்லிய பிளாஸ்டிக் உடம்பு அதிர்ந்து எல்லாவற்றையும் பெரிதாக்குகிறது. கிரைண்டரில் இருப்பது பிரஷ் இல்லாத வேறு வகை மோட்டார். கல்லும் மெதுவாகச் சுற்றும். அதனால்தான் மாவு ஆட்டிக்கொண்டே பக்கத்து வீட்டுக் கதை பேச முடிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் சில வீட்டுச் சாதனங்களுக்குத் தயாரிக்கும் இடத்திலேயே சத்த வரம்பு உண்டு. ஃபிரிட்ஜுக்கு 46 டெசிபல், ஏர்கூலருக்கு 60, ஜன்னல் ஏசிக்கு 68. அந்தப் பட்டியலில் மிக்ஸி இல்லை! ஏசி இல்லாத வீடு நம் மாவட்டத்தில் எத்தனையோ. மிக்ஸி இல்லாத வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம். 2011-ல் அரசே விலையில்லா மிக்ஸி கொடுத்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அப்படி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த பொருளுக்கு ஒரு வரம்பு வேண்டாமா?

வகுப்பில் சொன்னதை மறந்திருப்பீர்கள்: 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. பக்கத்தில் நின்றால் 80-ஐத் தாண்டும் மிக்ஸிகள் ஏராளம்.

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஹாலும் சமையலறையும் ஒன்றாக இருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்க உட்காரும். வேலைக்குப் போகும் அம்மா அப்போதுதான் சட்னி அரைத்தாக வேண்டும். அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. "அம்மிக்கே திரும்புங்கள்" என்று உபதேசம் செய்யும் ஆண்களையும் எனக்கு ஆகாது. அம்மியில் அரைத்தது அவர்கள் இல்லையே.

ஐரோப்பாவில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் லேபிளிலேயே டெசிபல் அச்சிட்டு விற்கிறார்கள். இங்கே மிக்ஸி அட்டையில் அந்த எண்ணைப் போட என்ன கஷ்டம்? நாம் கேட்பதில்லை, அவர்கள் போடுவதில்லை.

இந்த முறை கேளுங்கள். இரண்டு மாடலிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, அடுத்தடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டு மிக்ஸி திடீரென்று கத்த ஆரம்பித்தால் கப்ளரையும் ஜார் புஷ்ஷையும் பாருங்கள். அவற்றை மாற்றினாலே பாதி சத்தம் அடங்கிவிடும். மிக்ஸி கடைகளில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வாடிக்கையாளர் ஓட்டிக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் ஓட்டிக் காட்டுங்களப்பா.