ஆள் ஏற்றும் முன் எண்ணெய் பார்க்கணும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

2022 ஜூலையில் கேரளாவில் ஒரு சலான் வாட்ஸ்அப், முகநூல் எல்லாவற்றிலும் சுற்றியது நினைவிருக்கிறதா? ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் பைக் ஓட்டி வந்த ஒரு இளைஞருக்கு 250 ரூபாய் அபராதம். ரசீதைப் பார்த்தால், போதிய எரிபொருள் இல்லாமல் பயணிகளுடன் வண்டி ஓட்டியதாகக் காரணம் போட்டிருந்தது. "பெட்ரோல் இல்லாட்டியும் கேஸா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மோட்டார் வாகனத் துறையினர் விளக்கம் சொன்னார்கள். பிரிவு தவறாகப் பதிவாகிவிட்டது, அது பைக்குக்கு உரியது அல்ல, பயணிகளை ஏற்றிச் செல்லும் வாடகை வண்டிகளுக்கு உரியது என்று. அத்தோடு கதை முடிந்தது.

சிரித்ததில் தப்பில்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. அந்தச் சட்டப்பிரிவு சரியான பிரிவுதானே? ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறவன், போய்ச் சேருகிற அளவுக்கு எண்ணெய் வைத்திருக்க வேண்டும் என்று சொல்வதில் என்ன வேடிக்கை இருக்கிறது? எங்கேயோ கொச்சியில் வண்டி நின்றால் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். நம் கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி முடியுமா?

நம் ஊர் நிலைமையைப் பாருங்கள். மேற்கே மலை, தெற்கே மலை. போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18 வளைவு. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு. கூடலூர் தாண்டி லோயர்கேம்ப்பிலிருந்து குமுளி. இந்த வழிகளில் அடிவாரத்தை விட்டு ஏறிவிட்டால் நடுவில் பங்க் கிடையாது. மேகமலைக்கு மேலே போனாலும் கிடையாது, சின்னமனூரிலேயே போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். பல வளைவுகளில் செல்போனில் சிக்னல் கூட நிற்காது. இருட்டினால் காட்டுமாடும் யானையும் இறங்கும் இடம். 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் கம்பம் நகரத் தெருவுக்குள்ளேயே நடந்து வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தெருவுக்கே வருகிற யானை மலைச்சாலைக்கு வராதா?

இந்த வழிகளில்தான் தினமும் விடியுமுன்னே நம் பெண்கள் ஜீப்பில் ஏறி ஏலக்காட்டுக்குப் போகிறார்கள். கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று ஊர் ஊராக, நாலு மணிக்கு எழுந்து சோறு கட்டிக்கொண்டு, தூக்குவாளியும் கையுமாக. அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் நான் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டபிறகும் வீட்டுக்குப் போகாமல் வாசல் படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கேட்டால், "அம்மா ஜீப்பு இன்னும் வரல சார்" என்பார்கள். ஆறு மணியாகும், ஏழாகும். ஏன் தாமதம் என்று மறுநாள் கேட்டால் பல காரணம் வரும். டயர் பஞ்சர், மழை, மண்சரிவு. அதோடு அடிக்கடி வரும் இன்னொரு காரணம், "டீசல் தீந்து போச்சாம் சார்."

டயர் பஞ்சராவது நம் கையில் இல்லை. மண்சரிவும் நம் கையில் இல்லை. டீசல்?

இது வெறும் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லவில்லை. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை.

கேரளத்தில் பெட்ரோல், டீசல் விலை நம்மைவிட லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரள அரசு பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது. அதனால்தான் இடுக்கிக்காரர்கள் கம்பத்துக்கும் போடிக்கும் இறங்கி வந்தால் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். நம் ஜீப்காரர் என்ன செய்கிறார்? காலையில் ஏறுவதற்கு மட்டும் அளந்து போடுகிறார். சாயங்காலம் முள் அடியில் கிடந்தாலும் மேலே போட மனசு வராது. "இறக்கம்தானே, உருட்டிக்கிட்டுப் போயிருவோம், கீழ போயிப் போட்டுக்கிருவோம்" என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விடுகிறார். பின்னால் பன்னிரண்டு பதினைந்து பெண்கள்.

எனக்குப் பயம் டீசல் தீர்வதில் மட்டும் இல்லை. டீசல் தீராமல் இருக்க அவர்கள் செய்யும் இந்த வேலையில்தான் பெரிய பயம்.

மலையில் இறங்கும்போது வண்டியைப் பிடித்து வைப்பது பிரேக் மட்டுமல்ல. கியரில் இருக்கும் இன்ஜினும் சேர்ந்து பிடிக்கிறது. எந்தக் கியரில் ஏறுகிறாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னது இதற்காகத்தான். நியூட்ரலில் போட்டால் மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். வளைவுக்கு வளைவு மிதிக்க மிதிக்கப் பிரேக் சூடேறிப் பிடிப்புக் குறையும். இன்ஜினையும் அணைத்துவிட்டால், பூஸ்டர் உள்ள வண்டிகளில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீரிங் இருந்தால் அதுவும் இறுகும். பழைய பைக்குகளில் இன்ஜினை அணைத்தால் முன்விளக்கும் அணைந்துவிடும். இருட்டில், மூடுபனியில், விளக்கில்லாத பைக் சத்தமும் இல்லாமல் இறங்கி வந்தால் எதிரே வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

இதில் இன்னொரு வேடிக்கை. இப்படி உருட்டுவதால் புது வண்டிகளில் மிச்சமும் பெரிதாக இல்லை. இப்போது வரும் எஃப்.ஐ. பைக், கார்களில், கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலையோ கையையோ எடுத்துவிட்டால், இன்ஜினுக்கு எண்ணெய் போவதையே வண்டி தானாக நிறுத்திக்கொள்ளும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் ஓட விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். அதாவது பத்திரமாகக் கியரில் இறங்குவதுதான் சிக்கனமும்.

சரி, விலை வித்தியாசத்தையே கணக்குப் போடுவோம். லிட்டருக்கு மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே அவசரத்துக்கு ஐந்து லிட்டர் போட்டால் கூடுதல் செலவு பதினைந்து ரூபாய். பதினைந்து பெண்கள் ஜீப்பில் இருந்தால் தலைக்கு ஒரு ரூபாய். இவ்வளவுதான் விஷயம். டீசல் வண்டி ஒருமுறை வறண்டு நின்றுவிட்டால் கதை அதோடு முடியாது என்பது ஓட்டுகிறவர்களுக்கே தெரியும். பழைய ஜீப்பில் ஏர் பிடித்துக்கொள்ளும். டீசல் கொண்டுவந்து ஊற்றினாலும் உடனே ஸ்டார்ட் ஆகாது. நட்டைக் கழற்றி, கையால் பம்ப் அடித்து ஏர் எடுக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் பெண்கள் ரோட்டோரம் நிற்க வேண்டும்.

இனி பைக்காரர்கள் விஷயம். ஐம்பது ரூபாய்க்குப் போடுகிறவர்களைப் பார்த்துப் பங்கில் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அன்றாடக் கூலி வாங்குகிறவன் அன்றாடம்தான் போடுவான். ஆனால் அந்த ஐம்பது ரூபாய் மலைக்குப் போதுமா என்று எட்டாம் வகுப்புக் கணக்காகவே பார்க்கலாம்.

லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது. ஐம்பது ரூபாய்க்கு அரை லிட்டர் கூட வராது. பைக்கும் இரண்டு ஆளும் சேர்ந்து 250 கிலோ. போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 1,000 மீட்டர் உயரம். இவ்வளவு எடையை இவ்வளவு உயரம் தூக்க, 250 பெருக்கல் 10 பெருக்கல் 1,000, அதாவது 25 லட்சம் ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் மூன்று கோடி ஜூலுக்கு மேல் இருந்தாலும், இன்ஜின் அதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். தோராயமாக 80 லட்சம் என்று வையுங்கள். வகுத்தால் கிட்டத்தட்ட 0.3 லிட்டர். மேலே தூக்குவதற்கு மட்டும் இவ்வளவு. சாலையில் உருளுவதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் தனி. தேனி ரோட்டில் அரை லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் போன வண்டி, மலையில் பாதியில் இருமுவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. டேங்க்கில் கொஞ்சம்தான் இருக்கும்போது வண்டி மூக்கைத் தூக்கி ஏறினால், இருக்கிற எண்ணெயும் ஒரு பக்கமாக ஒதுங்கி, குழாய்க்கு எட்டாமல் போகலாம். மீட்டரும் ஏற்றத்தில் ஒன்று காட்டும், இறக்கத்தில் ஒன்று காட்டும். பழைய கார்புரேட்டர் பைக்கில் ரிசர்வ் என்று ஒரு திருகு இருந்தது. வண்டி ஒருமுறை இருமி எச்சரிக்கும், குனிந்து திருகினால் பங்க் வரை கொண்டு சேர்க்கும். புது வண்டிகளில் பெரும்பாலும் அந்தத் திருகு இல்லை. கட்டம் மின்னும், அவ்வளவுதான். பாதிப் பேர் வண்டியில் மீட்டரே வேலை செய்யாது. டேங்க்கை ஆட்டி, சத்தம் கேட்டுத்தான் கணக்கு.

மீட்டரை நம்பாமல் கைக்கணக்கை நம்பிய பெரிய மனிதர்களும் மாட்டியிருக்கிறார்கள். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்றில் எரிபொருள் மீட்டர் வேலை செய்யவில்லை. கையால் கணக்குப் போட்டார்கள். 22,300 கிலோ வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டு போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தேவையில் பாதி கூட இல்லை. 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீர்ந்து, இரண்டு இன்ஜினும் நின்றன. விமானியின் திறமையால் கிம்லி என்ற இடத்தில் பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கி இறக்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள். விமானம் சறுக்கலாம். ஏறுகிற ஜீப் நின்றால் பின்னால்தான் போகும்.

அப்படியானால் ஏழை என்ன செய்வது? நான் சொல்ல வந்ததே இதுதான். டேங்க்கை அடியிலேயே வைத்து ஓட்டினாலும், கால்வாசியில் வைத்து ஓட்டினாலும், தினச்செலவு ஒன்றுதான். தினமும் ஐம்பது ரூபாய்க்கு ஓடுகிறவன், ஒரே ஒரு நாள் இருநூறு ரூபாய் கூடுதலாகப் போட்டுவிட்டால் போதும். மறுநாளிலிருந்து அதே ஐம்பதுதான். அந்த இருநூறு செலவல்ல, டேங்க்குக்குள் கிடக்கும் சேமிப்பு. பொங்கலுக்கோ சித்திரை வீரபாண்டித் திருவிழாவுக்கோ நாலு காசு கையில் வரும்போது இதை ஒருமுறை செய்துவிடலாம். அதன்பிறகு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

பாட்டில் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு மலை ஏறுவதைப் பார்க்கிறேன். வெயிலில் ஆவி கிளம்பும், மூடி கசியும். மார்ச், ஏப்ரலில் சாலையின் இரண்டு பக்கமும் புல் காய்ந்து கிடக்கும். காட்டுத்தீ என்றால் என்ன என்று 2018 மார்ச்சில் குரங்கணியில் நம் மாவட்டம் பார்த்துவிட்டது. மறுபடி பார்க்க வேண்டாம்.

தனி ஆள் தன் பைக்கை எப்படி ஓட்டுவது என்பது ஓரளவு அவன் பாடு. ஆள் ஏற்றும் வண்டி அப்படி இல்லை. ஜீப்பில் ஏறும் பெண்ணால் முள்ளை எட்டிப் பார்க்க முடியாது. பார்த்துக் கேட்டாலும், "நீ வேலைக்கு வர்றியா, வண்டி ஓட்ட வர்றியா?" என்ற பதில்தான் வரும். அதனால் இந்தப் பொறுப்பை ஓட்டுநர் மேல் மட்டும் போடாமல், ஆள் கூட்டிப்போகும் கங்காணி மேலும், ஆள் கேட்கும் தோட்டத்துக்காரர் மேலும் போட வேண்டும். போகவர டீசல் காசை முதல் நாள் சாயங்காலமே கொடுத்துவிட வேண்டும். கிராமப்புறப் பங்குகள் பலவும் இரவில் பூட்டிவிடும், விடியற்காலை நாலரை மணிக்கு எங்கே போய்ப் போடுவது?

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடிவாரச் சோதனைச் சாவடிகளில் ஆர்.சி., இன்சூரன்ஸ், தலைக்கணக்கு பார்க்கும்போது, ஆள் ஏற்றிய வண்டியின் முள்ளையும் ஒரு பார்வை பாருங்கள். கால் டேங்க்குக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்புங்கள். அபராதம் கூட வேண்டாம், போட்டுக்கொண்டு வரச் சொன்னால் போதும். முந்தல், லோயர்கேம்ப், கம்பம்மெட்டுச் சாலை முனை, சின்னமனூர் மேகமலைப் பிரிவு ஆகிய இடங்களில், அடுத்த பங்க் எத்தனை கிலோமீட்டரில் என்று பெரிதாக ஒரு பலகை வையுங்கள். யானை நடமாடும் பகுதி என்று பலகை வைக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா?

ஜீப் ஓட்டும் தம்பிகளில் பலர் என் மாணவர்கள். இதைப் படித்தால், "சாருக்கு வேற வேலை இல்ல" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களில் பாதிப் பேர், அம்மா ஜீப் வரவில்லையே என்று பள்ளிக்கூட வாசல் படியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான். இன்றைக்கு ஸ்டீரிங் அவர்கள் கையில் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை முள்ளைப் பாருங்கப்பா. இறங்கும்போது கியரில் இறங்குங்க.

உங்கள் தெருவில் ஜீப் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் இந்தப் பதிவைப் படித்துக் காட்டுங்கள். வேறு கருத்து இருந்தாலும் எழுதுங்கள், குறிப்பாக ஓட்டுநர்கள். உங்கள் பக்கத்துக் கணக்கையும் கேட்கத் தயாராக இருக்கிறேன்.