நான்காம் சுற்றுக்குப் பிறகு

நாங்கள் பத்துப் பேர் கூடிப் பேசுகிற வழக்கமான மாலையொன்றில், பேச்சு எப்படியோ கவிதையிலிருந்து நழுவிக் குத்துச்சண்டைக்குப் போய்விட்டது. முகம்மது அலியின் வாழ்க்கையில் முக்கியமான போட்டி 1964-ல் லிஸ்டனோடு நடந்ததுதான், அன்றுதானே உலக சாம்பியன் ஆனார் என்றார் ஒரு நண்பர், தீர்ப்புச் சொல்கிற குரலில். மற்றவர்கள் தலையசைத்தார்கள். நான், 1963 மார்ச் 13, டக் ஜோன்ஸ் என்றேன். யார் அது என்று கேட்டார்கள். அலி தோற்றாரா? இல்லை, ஜெயித்தார். பட்டம் கிடைத்ததா? இல்லை. ஜோன்ஸ் விழுந்தானா? ஒரு தடவைகூட விழவில்லை. அப்புறம் அதில் என்ன முக்கியத்துவம் என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் விமர்சனம் எழுதுகிறவர்கள். அதனால்தான் அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை.

நண்பரின் அளவுகோல் பழக்கமானது. பட்டம், பணம், தோல்வியில்லாத கணக்கு. மூன்றுமே பெருமளவு மேடைக்கு வெளியே தயாராகிறவை. ஒரு இளம் குத்துச்சண்டைக்காரனின் பெயருக்கு எதிரே வெற்றி பதினைந்து, தோல்வி பூஜ்யம் என்று எழுதியிருந்தால், அது அவன் கைகளைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. அவனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவனின் சாமர்த்தியத்தையும் சேர்த்தே சொல்கிறது. அமெரிக்காவில் இதற்கென்றே மேட்ச்மேக்கர் என்று ஒரு தொழில் உண்டு. வளர்கிற பையனுக்கு எதிரே யாரை நிறுத்துவது, எத்தனை சுற்று, எந்த ஊர் என்றெல்லாம் தீர்மானிக்கிற வேலை. அவன் கைவசம் ஒரு ரக ஆட்கள் எப்போதும் இருப்பார்கள்: வயதாகிப்போனவர்கள், தாடையில் ஒன்று பட்டால் கால் மடிகிறவர்கள், கடைசி நேரத்தில் கூப்பிட்டாலும் வந்து, நாலு சுற்று நின்று, விழுந்து, கூலியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள். அந்தத் தொழிலில் அவர்களுக்குப் பெயரே ‘எதிராளி’ என்பதுதான். சொந்தப் பெயர் யாருக்கும் அவசியப்படுவதில்லை.

இந்தப் போட்டிகளால் பிரயோஜனமே இல்லை என்று நான் வாதாடவில்லை. பையன் விளக்கு வெளிச்சத்துக்குப் பழக வேண்டும். மூச்சைச் சேமிக்கப் பழக வேண்டும். ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிந்த இடத்தில் ஒத்திகைதான் நடக்கும். 1980-ல் அலி சென்னைக்கு வந்தபோது நேரு ஸ்டேடியக் கூட்டத்தில் நானும் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். எதிரே ஜிம்மி எல்லிஸ். 1971-ல் நிஜமாகவே மோதிக்கொண்டவர்கள் இருவரும். அன்று கண்காட்சிப் போட்டி. எல்லிஸ் தொட்டார், அலி தொட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. நானும் ஆர்ப்பரித்தேன். வீடு திரும்புகிற வழியில்தான் ஒன்றுமே நடக்கவில்லை என்பது உறைத்தது. உலகத்தின் மிகப் பெரிய குத்துச்சண்டைக்காரர் எதிரே நின்றும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்ற கேள்விதான், பல வருஷம் கழித்து, என்னை டக் ஜோன்ஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1963 தொடக்கத்தில் காஸியஸ் கிளேயின் நிலைமை இது. அலி என்ற பெயர் அடுத்த வருஷம்தான் வந்தது. வயது 21. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் தங்கம். தொழிலுக்கு வந்த பிறகு 17 போட்டிகள், 17 வெற்றிகள். 1962 பிப்ரவரியில் ஸானி பேங்க்ஸ் முதல் சுற்றிலேயே அவனைத் தரையில் உட்கார வைத்தான். எழுந்து நான்காம் சுற்றில் பேங்க்ஸை முடித்துவிட்டான். அதே நவம்பரில் ஆர்ச்சி மூரை நான்கு சுற்றில் சாய்த்தான். மூர் பெரிய பெயர்தான். ஆனால் நாற்பதைத் தாண்டிப் பல வருஷமாகிவிட்ட பெயர்.

கிளேக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எத்தனையாவது சுற்றில் எதிராளி விழுவான் என்று முன்கூட்டியே எதுகை வைத்துப் பாட்டுக் கட்டிச் சொல்வான். பல தடவை பலித்தது. மூர் நான்கில் என்று சொன்னது பலித்தது. ஜோன்ஸுக்கு முதலில் ஆறு என்று சொல்லி, பிறகு நான்காகக் குறைத்தான். நியூயார்க்கில் அப்போது பத்திரிகை வேலைநிறுத்தம். 1962 டிசம்பரில் தொடங்கி 114 நாள் நீடித்தது. பேப்பர் வராத ஊரில் கிளே தானே பேப்பராகத் திரிந்தான். கிரீன்விச் வில்லேஜில் பிட்டர் எண்ட் என்ற காபி விடுதியில் மேடையேறிக் கவிதைகூட வாசித்தான். நம் கூட்டத்தார் இதைக் கேட்டுப் பூரித்துப்போக வேண்டாம். அவை விளம்பர வாசகங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் நம்மில் பலருடைய கவிதைகளைவிட நேர்மையானவை. தேதி, இடம், சுற்று எல்லாம் சொல்லி, பொய்யென்று நிரூபணமாகிவிடக்கூடிய சாத்யத்தோடு கட்டப்பட்டவை.

இப்போது ஜோன்ஸ். நியூயார்க்காரன். லைட் ஹெவிவெயிட்டிலிருந்து மேலே வந்தவன். 1962-ல் ஹெரால்ட் ஜான்ஸனோடு அந்த எடையின் பட்டத்துக்காகப் பதினைந்து சுற்று நின்று தோற்றவன். அதே வருஷக் கடைசியில் ஸோரா ஃபோலியை நாக் அவுட் செய்தவன். கிளேயைவிட உயரம் குறைவு. எடையும் பத்து பவுண்டுக்கு மேல் குறைவு. பார்வைக்கு அசாதாரணமாக ஒன்றுமில்லை. ஆனால் விழுவதற்காகக் கூலி பேசி வந்தவனில்லை. மேடையோ அவனுடைய ஊரில் இருந்தது.

கிளே இடது கையைத் தாழத் தொங்கவிட்டு, வருகிற குத்துக்குத் தலையைப் பின்னால் சாய்த்துத் தப்புகிறவன். பாலபாடத்தின்படி இது தப்பு. அதுவரை வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தப்பைத் தண்டிக்கிற வேகம் இல்லை. ஜோன்ஸின் வலது கைக்கு இருந்தது. முதல் சுற்றிலேயே அது போய்ச் சேர்ந்தது. கிளே தடுமாறிக் கயிற்றில் சாய்ந்தான்.

நான் சொல்கிற முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது. ஒரு இளைஞனின் பாணி என்று எல்லோரும் கொண்டாடியது பாணிதானா, இல்லை, எதிரே ஆள் இல்லாததால் கிடைத்துவந்த சலுகையா? இந்தக் கேள்வியைப் பட்டம் கேட்காது. பணம் கேட்காது. எதிரே நிற்கிறவன் ஒருவனால்தான் கேட்க முடியும், அதுவும் அவனுக்குத் தகுதி இருந்தால்.

நான்காம் சுற்று வந்தது. மாடிஸன் ஸ்குவேர் கார்டனில் 18,732 பேர். ஒரு டிக்கெட் மிச்சமில்லை. அந்த வாய் அடைபடுவதைப் பார்க்கக் காசு கொடுத்தவர்கள் அதில் நிறையப் பேர். மணி அடித்தது. ஜோன்ஸ் நின்றுகொண்டிருந்தான்.

சொன்ன சொல் எல்லோர் முன்னாலும் பொய்யாகிவிட்டது. இன்னும் ஆறு சுற்று, பதினெட்டு நிமிஷம், பாக்கி. கிளேயிடம் இப்போது பாட்டு இல்லை. தீர்க்கதரிசனம் இல்லை. கூட்டம் விரோதமாக இருக்கிறது. தன்னைப் பற்றித் தான் கட்டிவைத்திருந்த கதை காலடியில் கிடக்கிறது. எதிரே கலங்காத ஒரு மனிதன். பின்னால் உலகம் அலி என்று அழைத்த ஆள் அந்தப் பதினெட்டு நிமிஷத்தில்தான் உருவானான் என்பது என் கட்சி. அவமானத்தோடு வேலை செய்ய அன்று கற்றுக்கொண்டான். கடைசிச் சுற்றுகளில் வேகத்தைக் கூட்டிக் குத்துகளை அடுக்கினான். இரண்டு நீதிபதிகள் ஐந்து சுற்று அவனுக்கு, நான்கு ஜோன்ஸுக்கு, ஒன்று சமம் என்றார்கள். நடுவர் எட்டு, ஒன்று, ஒன்று என்றார். கூட்டம் ஊளையிட்டது, வேர்க்கடலையை வீசியது. கிளே ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டான்.

ஜோன்ஸ்தான் ஜெயித்தான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. வாதிடட்டும். என் வாதத்துக்கு அது குறுக்கே நிற்கவில்லை. அந்த வருஷத்தின் சிறந்த போட்டியாக ‘ரிங்’ பத்திரிகை இதைத்தான் தேர்ந்தெடுத்தது. அதே 1963 ஜூலையில் லிஸ்டனும் பாட்டர்ஸனும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். முதல் சுற்று முடிவதற்குள் பாட்டர்ஸன் கதை முடிந்துவிட்டது. பட்டம் இருந்தது, போட்டி எங்கே? இவ்வளவு தூரம் போவானேன். 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்தபோது இதே நண்பர்கள் வாரக்கணக்கில் பேசியது டான்சிங் ரோஸைப் பற்றி. கதைப்படி பெரிய எதிரி வேம்புலி. அவனை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. கபிலனுக்குத் தன் கால்களைப் பற்றிக் கேள்வி எழுந்தது எந்தப் போட்டியில் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. வாய்க்குத்தான் தெரியவில்லை.

லிஸ்டனுக்கே வருகிறேன். 1964 பிப்ரவரி 25, மியாமி பீச். பந்தயக்காரர்கள் ஏழுக்கு ஒன்று என்று கிளேக்கு எதிராக நின்றார்கள். நான்காம் சுற்று முடிவில் கிளேயின் கண்ணில் ஏதோ பட்டு எரிந்து பார்வை மங்கியது. கிளவ்ஸைக் கழற்று, போதும் என்று அலறினான். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ அவனை ஐந்தாம் சுற்றுக்குத் தள்ளிவிட்டார். பாதிக் குருடனாக அந்த மூன்று நிமிஷத்தை ஓடியே கடத்தினான். ஏழாம் சுற்றுக்கு லிஸ்டன் எழுந்து வரவில்லை. நண்பர் இதை அதிசயம் என்கிறார். போட்ட திட்டம் கையைவிட்டுப் போன பிறகும் மேடையில் இருப்பது எப்படி என்பது கிளேக்கு ஒரு வருஷத்துக்கு முன்பே தெரியும். ஒருவன் வலிக்க வலிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

அப்படியானால் ரத்தத்தைக் கொண்டாடுகிறாயா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜோன்ஸ் போட்டி நடந்து எட்டே நாளில், மார்ச் 21 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் டேவி மூர் ஸுகர் ராமோஸிடம் பட்டத்தை இழந்தான். அன்றிரவே நினைவிழந்தான். சில நாளில் இறந்தான். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் பதினான்காம் சுற்றில் வீழ்ந்த கொரிய இளைஞன் கிம் டுக் கூவும் பிழைக்கவில்லை. உலகப் பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தது அதற்குப் பிறகுதான். உயிரைப் பணயம் வைப்பது ஒன்று, தன்னைப் பற்றிய தன் கணிப்பைப் பணயம் வைப்பது இன்னொன்று. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது. குத்துச்சண்டையில் முதலாவதைத் தொடாமல் இரண்டாவதைத் தொட முடியாது. அந்த விளையாட்டின் அவலம் அது. நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் நமக்கு என்ன சாக்கு? கவிதையில் யாருக்கும் மண்டை உடைவதில்லை. இருந்தும் இங்கே ஒவ்வொரு முதல் தொகுதிக்கும் எதிரே நிறுத்தப்படுவது ஊருக்குத் திரும்பக் கூலி வாங்கிவிட்ட ஆள்தான். முன்னுரையில் ஒருவர் விழுகிறார். வெளியீட்டு விழாவில் நாலு பேர் வரிசையாக விழுகிறார்கள். மதிப்புரையில் இன்னொருவர். பையனின் கணக்கு பதினைந்துக்குப் பூஜ்யம்.

நானும் விழுந்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு இளம் கவிஞனின் முதல் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். அதில் பாதிக் கவிதைகள் ஒரே தந்திரத்தில் நின்றன. ஒரு சாதாரணக் காட்சி, கடைசி வரியில் சாவு. படிக்கும்போதே எனக்குத் தெரிந்தது. நல்ல பையன், வளரட்டும் என்று நினைத்து அதை விட்டுவிட்டு, படிமங்களின் புதுமை பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டாம் தொகுதியிலும் கடைசி வரியில் சாவு. மூன்றாவதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகொரு நாள் டீக்கடையில் பார்த்தபோது அவனே கேட்டான்: “அப்பவே தெரியுமா சார் உங்களுக்கு?” தெரியும் என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு, என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனான். இப்போது எழுதுவதில்லை. என்னைத் தாட்சண்யம் உள்ளவன் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று நான் பார்த்தது மேட்ச்மேக்கர் வேலை.

ஜோன்ஸுக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் வாய்க்கவில்லை. 1966-ல் எர்னி டெரலோடு ஒரு பட்டப் போட்டி கிடைத்தது. அதிலும் தோல்வி. 2017-ல் இறந்தான். அலியைப் பற்றிய புத்தகங்களில் அவனுக்குச் சில பக்கங்கள். அலியின் கைதாழ்ந்த பாணியை அன்று அவன் அளவுக்கு மதித்தவர் யாருமில்லை என்பேன். முழுப் பலத்தோடு குத்திப் பார்த்தான்.

அடுத்த மாலைக் கூட்டத்துக்கு ஒரு முதல் தொகுதி விமர்சனத்துக்கு வருகிறது. பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். எழுதியவரும் வருவாராம். வரட்டும்.