ஒரு காட்டுக்குப் பத்துக் கன்று ஈடாகுமா?

"ஒரு மரம் போனால் என்ன, பத்துக் கன்று நட்டால் கணக்கு நேராகிவிடும்." அமைச்சர் முதல் குடியிருப்போர் சங்கத் தலைவர் வரை எல்லோரும் சொல்லும் சமாதானம் இது. மரம் நடுவதும் இயற்கையைக் காப்பதும் ஒன்றே என்ற இந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதற்கு டெல்லியே சாட்சி.

ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி, டெல்லியில் 'ரிட்ஜ்' என்ற பாறை மேடாக முடிகிறது. மண் குறைவு, மழையும் குறைவு. முட்புதரும் குட்டை மரங்களுமே அதன் இயல்பு. ஆங்கிலேயர் கண்ணுக்கு அது வெறும் தரிசு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதைப் பசுமையாக்கத் தொடங்கினர். 1911இல் டெல்லி தலைநகராக அறிவிக்கப்பட்டதும், வைஸ்ராய் மாளிகைக்குப் பின்னணியாகப் பச்சை தேவைப்பட்டது. கால்நடை மேய்த்தவர்களுக்குத் தடை வந்தது. பாறையிலும் பிழைக்கும் அமெரிக்கக் கண்டத்து மரமான 'விலாயதி கிகர்' வந்தது. அது வேறொன்றுமல்ல, ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலம்தான். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்ன அதே மரம், புரசு போன்ற மண்ணின் மரங்களை ஒதுக்கிவிட்டு டெல்லி ரிட்ஜில் 'காடு' என்ற பெயரோடு நிற்கிறது. அங்கே இயல்பான காட்டை அழித்ததில் கோடரிக்கு மட்டுமல்ல, மண்வெட்டிக்கும் பங்குண்டு.

அரசுக் கணக்கோ இயல்பான காட்டுக்கும் நட்ட மரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஒரு ஹெக்டேர் பரப்பில் பத்து சதவீதம் மரநிழல் இருந்தால், எந்த மரமானாலும் இந்திய வன ஆய்வு நிறுவனத்துக்கு அது வனப்பரப்பே. இப்படி எண்ணப் பழகியவர்களுக்குப் பழைய மரமும் புதுக் கன்றும் வெறும் எண்கள். 2018இல் தெற்கு டெல்லியின் அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட, பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டத் திட்டமிட்டபோது அதிகாரிகள் நீட்டியதும் இதே 'ஒன்றுக்குப் பத்து' கணக்குத்தான். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்தது. 2024இல் சாலைக்காக ரிட்ஜ் பகுதியில் அனுமதியின்றி மரங்களை வெட்டிய டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் செயலை, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நீதிமன்ற அவமதிப்பு என்றது.

"அப்படியானால் மரமே நட வேண்டாமா?" என்று கேட்பார்கள். தெருவோரம் வேம்பும் நாவலும் தாராளமாக நடுங்கள். வெயிலுக்கு நிழல் வேண்டும். அதைக் காட்டின் விலையாக எழுதாதீர்கள். அழிந்த இடத்தை மீட்கவும் வழி உண்டு. வசந்த் விஹார் அருகே சுரங்கம் தோண்டிக் கெடுத்த நிலத்தில், சூழலியலாளர் சி.ஆர். பாபுவின் வழிகாட்டலில் ஆரவல்லிக்கே உரிய புல், புதர், மரம் என்று ஒரு தாவரச் சமூகத்தையே வளர்த்திருக்கிறார்கள். அதற்கு இடம் தந்து துணை நின்றதும் அதே வளர்ச்சி ஆணையம்தான்! சரியான வழி தெரியாமல் வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது.

ஆண்டுதோறும் எத்தனை லட்சம் கன்று நட்டோம் என்று விளம்பரம் செய்யும் அரசுகளிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று: எந்த மரம், எந்த மண்ணில், ஐந்தாண்டு கழித்து எத்தனை உயிரோடு? இதற்கு விடை இல்லாதவர்களுக்கு ஒரு மரத்தையும் வெட்ட அனுமதி தரக் கூடாது.